உள்ளூர்ப் பாதுகாவலர்

என் மேசையில் இன்னொரு பெயர்ப்பலகை வந்து உட்கார்ந்த நாளிலிருந்துதான் இதைச் சொல்ல வேண்டும். அதுவரை 'சான்றிதழ்ப் பிரிவு' என்று ஒரே பலகைதான் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக மாற்றுச் சான்றிதழும் நன்னடத்தைச் சான்றிதழும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால், பக்கத்திலேயே 'சர்வதேச மாணவர் உதவி மையம்' என்று பளபளப்பாக ஒரு பலகை. மையத்துக்குத் தனி அறை கிடையாது, தனி ஆளும் கிடையாது. நான்தான் மையம்.

நேரே முதல்வர் அறைக்குப் போனேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் தோட்டக்கலைக் கல்லூரியில் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். முதல்வரும் தெரிந்துதான் முன்கூட்டியே டீ சொல்லி வைத்திருந்தார்.

"நம்ம பிள்ளைக வெளிநாட்டுக்குப் போய்ப் படிக்கிற மாதிரி, அங்கன உள்ள பிள்ளைகளும் இங்கன வந்து படிக்கணும்னு மேலிடத்துல திட்டம் போட்டுருக்காக. காலேஜுக்கு ஒரு உதவி மையம் இருக்கணுமாம்," என்றார்.

"அது சரி சார். டெல்லிக்குப் போவாக, பெங்களூருக்குப் போவாக. சின்னமனூருக்கு எவுக வருவாக?"

"வந்தா பாத்துக்கிருவீகள்ல?"

யாரும் வரமாட்டார்கள் என்கிற தைரியத்தில் சரி என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.

அதன்பிறகு வழுவழுப்பான தாளில் ஒரு விளம்பரப் புத்தகம் அச்சாகி வந்தது. முதல் பக்கத்தில் எங்கள் கல்லூரிக் கட்டடத்தின் முதுகில் மேகமலை சாய்ந்துகொண்டிருந்தது. உண்மையில் மலைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மணி நேரப் பயணம். நூலகத்தில் ஐந்து பேர் சிரித்துக்கொண்டே படிக்கும் படம் ஒன்று. எங்கள் நூலகத்தில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. கடைசிப் பக்கத்தில் 'இருபத்துநான்கு மணி நேர உதவி' என்று போட்டு அடியில் ஒரு செல்போன் எண். எங்கேயோ பார்த்த எண்ணாக இருக்கிறதே என்று யோசித்தேன். என்னுடையது.

அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேராசிரியர்களிடமெல்லாம் படம் படமாகக் காட்டிக் கிண்டல் செய்தேன். சொல்லிவைக்கிறேன், இது பின்னால் எனக்கே திரும்பி வந்தது.

ஆறு மாதத்தில் ஒருத்தி வந்தேவிட்டாள். உகாண்டாவிலிருந்து. இருபத்துநான்கு வயது, முதுகலை, வாழைத் திசு வளர்ப்பு. மதுரை விமான நிலையத்தில் ஒரு அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் அவள் பெயரை எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெடுநெடுவென்று வந்தாள். தலையில் நூறு சின்னச் சடை. என்னைப் பார்த்ததும் முழங்காலை லேசாக மடித்துக் கும்பிடுவது மாதிரி ஒரு வணக்கம் வைத்தாள். அவர்கள் ஊரில் பெரியவர்களுக்கு அப்படித்தான் வைப்பார்களாம். எங்கள் கல்லூரியில் எனக்கு அதுவரை யாரும் அந்த மாதிரி வணக்கம் வைத்ததில்லை என்பதால், அவள் மேல் இருந்த எரிச்சலில் பாதி அங்கேயே போய்விட்டது.

காரில் வரும்போது, எத்தனையோ ஊர் இருக்க இங்கே ஏன் வந்தாய் என்று கேட்டேன். விளம்பரப் புத்தகத்தில் உள்ள மற்ற படங்களைத் தான் நம்பவில்லை என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். ஒரே ஒரு படம், தோட்டத்து வரப்பில் லாரி நிற்க, ஆள் உயரத்துக்கு வாழைத்தார் அடுக்கி வைத்திருக்கும் படம், அதை நம்பினாளாம். அது சின்னமனூர்ப் பக்கம் எந்த நாளும் பார்க்கிற காட்சி. அவர்கள் நாட்டில் வாழைக்காய்தான் சோறு. அவளுடைய அப்பாவின் தோட்டத்தில் வாடல் நோய் விழுந்து, இரண்டு வருடமாக ஒவ்வொரு தூராகத் தோண்டிப் புதைத்துக்கொண்டிருக்கிறார். நோயில்லாத கன்றைச் சோதனைக்கூடத்தில் வளர்க்கக் கற்றுக்கொண்டு போய், அந்தத் தோட்டத்தைத் திரும்ப நட வேண்டும். அதற்காக வந்திருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம் என்பது மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வந்த அன்றைக்கே படிவங்கள். வெளிநாட்டுப் பிள்ளை ஒன்று வந்தால் அரசாங்கத்துக்கு எத்தனை தாள் வேண்டியிருக்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். கல்லூரிப் படிவத்தில் ஒரு கட்டம்: 'உள்ளூர்ப் பாதுகாவலர்'. அவளுக்கு இந்த நாட்டிலேயே தெரிந்த ஒரே ஆள் நான். ஐந்து மணிக்குள் கணினியில் ஏற்ற வேண்டும். யாரை எழுதுவது என்று முதல்வரைக் கேட்டேன். "சம்பிரதாயம்தானே, யாரையாச்சும் போடுங்க," என்றார். என் பெயரையே எழுதி, உறவு என்ற இடத்தில் ஒரு கோடு போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் மார்க்கையன்கோட்டையில் என் வீட்டில் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னது என் தப்பு. என் வீட்டுக்காரர் வாழை விவசாயி. அடுத்த வீட்டிலேயே அவருடைய அக்கா, என் மதினி. மதினிக்கு வாய் ஓய்ந்து நான் பார்த்தது கிடையாது.

"பாதுகாவலர்னா என்னா?" என்றார் மதினி.

"அப்பா அம்மா எடத்துல இருந்து பாத்துக்கிறது. சும்மா பேப்பருக்கு."

"கையெழுத்துப் போட்டேல்ல?"

"போட்டேன்."

"அப்ப ஒனக்கு மக. எனக்கு மருமக. பேப்பருக்கு என்னா, வாய்க்கு என்னா?"

அடுத்த அரை மணி நேரத்தில் தெருவுக்கே முறை பிரித்தாகிவிட்டது. என் கொழுந்தன் பெண்டாட்டி சின்னம்மா. எதிர் வீட்டில் இருக்கிற பங்காளி வீட்டு அம்மா பெரியம்மா. கம்பத்தில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டு, "ஏலே, நீ தாய்மாமனாயிட்ட," என்று சொன்னதும் மதினிதான். அவன் என்னைக் கூப்பிட்டு, "யக்கா, சீரு செய்யணுமா?" என்று கேட்டான். போனை வைடா என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். விடுதிச் சாப்பாட்டில் காரம் தாங்காமல் இளைத்துப் போயிருந்தாள். முதல் வாரமே என் வீட்டுக்காரரிடம் ஒரு தார் பச்சைக் காய் கேட்டு, தோலைச் சீவி, வாழை இலையில் பொதிந்து, இட்லிச் சட்டியில் வைத்து மணிக்கணக்கில் அவித்தாள். பிறகு இலையோடு சேர்த்து அழுத்தி மசித்து, எல்லாருக்கும் வைத்தாள். உப்பில்லை, உறைப்பில்லை. மதினி ஒரு வாய் போட்டுவிட்டு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு. சோறுன்னு நெனச்சா சோறு," என்றார். பிறகு யாருக்கும் தெரியாமல் ஊறுகாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

பழத்துக்காக வாழையை வளர்த்து, பச்சையாகவே லாரியில் ஏற்றி அனுப்பிவிடும் எங்களைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம். சோற்றை வண்டியில் ஏற்றி விற்றுவிட்டு வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டாள். இருவருக்கும் வாழைதான் பேச்சு. இவருக்கு ஆங்கிலம் வராது, அவளுக்குத் தமிழ் வராது. கிழங்கைத் தொட்டுக் காட்டி, இலையைத் திருப்பிக் காட்டி மணிக்கணக்கில் பேசுவார்கள். அப்படியே அவளுக்குத் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டியது. தூர், கன்று, தார், சீப்பு. தெருவில் எல்லாரையும் முறை வைத்துக் கூப்பிட்டாள். அத்தை, சின்னம்மா, பெரியம்மா. என்னை மட்டும் கடைசி வரை மேடம் என்றுதான் கூப்பிட்டாள். பாதுகாவலர் நான்தான் என்பதை அவ்வப்போது நானே எனக்கு நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

தை மாதம் முடியும் சமயம். ஒரு திங்கட்கிழமை காலை, சோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குப்பிகளுக்கு நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. அப்பா இறந்துவிட்டார்.

விஷயம் என் மேசைக்கு வந்தபோது அவள் விடுதி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போக வழி பார்த்தோம். எந்த விமானம் பிடித்தாலும் அடக்கம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும். அவளுடைய அம்மாவும், நீ வராதே, படிப்பை முடி என்று சொல்லிவிட்டாராம். அதை அவளுடைய பக்கத்து அறைத் தோழி வந்து சொன்னாள்.

நான் கையேட்டை எடுத்தேன். உதவி மையங்களுக்கென்று மேலிடத்திலிருந்து வந்த கையேடு அது. விசா, மருத்துவம், உணவு என்று எல்லாவற்றுக்கும் அதில் வழி உண்டு. 'குடும்பத்தில் இழப்பு' என்று ஒரு பக்கமும் இருந்தது. மாணவரின் தனிமையை மதிக்க வேண்டும். இழப்பைப் பற்றிய கேள்விகள் கேட்கக் கூடாது. அவர் பேச விரும்பினால் ஆலோசகரைத் தொலைபேசியில் இணைத்துத் தர வேண்டும். தேர்வுகளுக்கு அவகாசம் தர வேண்டும். ஒன்று விடாமல் செய்தேன். அவளுடைய தளத்தில் யாரும் சத்தம் போடக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினேன். மதுரையில் இருக்கும் ஆலோசகரின் எண்ணை அவளுக்கு அனுப்பினேன். 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சலும் போட்டேன். சாப்பாட்டைத் தட்டில் மூடி அறை வாசலில் வைக்கச் சொன்னேன். இவ்வளவு ஒழுங்காக ஒரு வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை.

திங்கள் சாயங்காலம் வீட்டில் சொன்னதும் மதினி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நாளைக்குச் செவ்வா, ஆகாது. புதன்கெழம போயிருவோம்," என்றார்.

"எங்க?"

"கேதத்துக்கு."

கேதம் என்றால் எங்கள் பக்கத்தில் துக்கம் விசாரிக்கப் போவது. சாவுக்குப் போக முடியாதவர்கள்கூடக் கேதத்துக்குப் போயே ஆக வேண்டும். கல்யாணத்துக்குப் போகாததை மன்னித்துவிடுவார்கள். கேதம் கேட்காதவன் வீட்டில் பிறகு கைநனைக்கமாட்டார்கள்.

நான் சத்தம் போட்டேன். "அது ஹாஸ்டல் மதினி. மத்த பிள்ளைக படிக்குது. அவ வேற நாட்டுக்காரி, அவுக வழக்கம் என்னான்னு நமக்குத் தெரியாது. கும்பலாப் போயி அழுதா அந்தப் பிள்ள மெரண்டுரும். ஒருத்தரும் வரக் கூடாது."

மதினி பதில் பேசவில்லை. அவர் பதில் பேசாவிட்டால் கவலைப்பட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் அவளே என் மேசைக்கு வந்தாள். மூன்று நாளில் முகம் வற்றிப் போயிருந்தது. படிப்பை விட்டு விலகுவதற்கு ஒரு படிவம் இருக்குமே, அது வேண்டும் என்றாள். ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். கேள்வி கேட்கக் கூடாது என்று கையேடு சொல்லியிருக்கிறது. கேட்கவில்லை. படிவத்தைக் கொடுத்தேன். என் முன்னாலேயே நின்று நிரப்பினாள். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முதல்வர் வெளியூரில் இருந்தார், வெள்ளிக்கிழமை வருவார். வந்ததும் அவர் ஒப்புதல் கொடுத்தால் முடிந்தது. சனிக்கிழமைக்கு டிக்கெட் போடப் போகிறேன் என்றாள்.

அந்தத் தாளை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். நோயில்லாத கன்று, அப்பாவின் தோட்டம் எல்லாம் சொந்தக் காரணம் என்கிற இரண்டு வார்த்தையில் போகப்போகிறது. தடுக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. எப்படி என்று கையேட்டில் இல்லை. அன்று வீட்டுக்குப் போய், சாப்பிடாமல் படுத்தேன். என் வீட்டுக்காரர் கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டார். அவர் அக்காவிடம் சொல்லாமல் இருப்பாரா?

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு விடுதி வார்டன் போன் செய்தார். "மேடம், கேட்டுல பதினோரு பொம்பளைங்க நிக்கிறாங்க. உங்க சொந்தக்காரங்கன்னு சொல்றாங்க. உள்ள விட முடியாதுன்னா கேக்க மாட்டேங்கிறாங்க." வார்டன் கோயம்புத்தூர்க்காரர். எங்கள் ஊர்ப் பெண்களிடம் முடியாது என்று சொல்லிப் பழக்கம் இல்லாதவர்.

செருப்புக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினேன். வெள்ளிக்கிழமையும் ஆகாது என்பதால் வியாழக்கிழமையே கிளம்பிவிட்டிருக்கிறார்கள். வேன் பிடித்து. எல்லாரும் வெளிறிய சேலை, தலையில் பூ இல்லை. மதினி கையில் ஒரு தூக்குவாளி. வாட்ச்மேன் பார்வையாளர் பதிவேட்டை நீட்ட, அவர்கள் அதில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார்கள். உறவு என்ற கட்டத்தில் அத்தை, பெரியம்மா, சின்னம்மா, சின்னம்மா, அத்தை. எழுதத் தெரியாத ஒருவருக்கு மற்றவர் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பாதுகாவலரின் உறவினரை அனுமதிக்கலாம் என்று விடுதி விதியில் இருப்பதை வாட்ச்மேனே வார்டனுக்கு எடுத்துக் காட்டினாராம். அந்த விதியைத் தட்டச்சு செய்தவள் நான்.

அவர்களைத் திருப்பி அனுப்பத்தான் போனேன். ஆனால் எங்கள் வழக்கப்படி, துக்க வீடு கண்ணில் பட்டதும் அழுகையைத் தொடங்கிவிட வேண்டும். கேட்டுக்கு உள்ளே இருக்கும் புங்க மரத்தைத் தாண்டியதும் மதினி குரலெடுத்தார். "ஏ ஆத்தா, ஒன்னயப் பெத்தவுகளக் காணாம வந்து நிக்கிறமே." மற்றப் பத்துக் குரலும் சேர்ந்துகொண்டது. ஜன்னல்களிலெல்லாம் பிள்ளைகளின் தலை. நான் ஒட்டிய தாள் அறிவிப்புப் பலகையில் அப்படியே இருந்தது.

அவள் படியிறங்கி வந்தாள். கடைசிப் படியில் நின்று, இவர்கள் வருவதைப் பார்த்தாள். மிரண்டுவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். மதினி போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டார். உயரம் எட்டாமல் பாதி அவளை இழுத்துக் குனியவைத்துத்தான் கட்ட முடிந்தது. அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மூன்று நாளாக அடைத்துக் கிடந்த சத்தம்.

பார்வையாளர் கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள், அவளை நடுவில் வைத்து. அழுகை மெல்ல அடங்கியதும் மதினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னா தாயி ஆச்சு அப்பாவுக்கு?" என்றார்.

"மதினி, அதெல்லாம் கேக்கக் கூடாது," என்றேன்.

மதினி என்னை நிமிர்ந்து பார்த்தார். "கேக்காம, பின்ன எதுக்கு வந்தோம்?"

மொழிபெயர்த்துக் கேட்டேன். நெஞ்சு நின்றுவிட்டது, காலையில், என்று அவள் சொன்னாள். நான் தமிழில் சொன்னேன். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார். சின்னம்மா அந்த இடத்துக்கு வந்து, அதே கையைப் பிடித்து, "என்னா தாயி ஆச்சு?" என்றார்.

"இப்பத்தானே சொன்னா," என்றேன்.

"மதினிகிட்டச் சொன்னா. என்கிட்டச் சொல்லலேல்ல."

எனக்கு மறந்தே போயிருந்தது. கேதத்தில் அப்படித்தான். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் முதல்முறை கேட்பது மாதிரி கேட்க வேண்டும். இழந்தவர் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். என் அப்பா போனபோது நானும் அப்படித்தான் எத்தனையோ பேருக்குச் சொன்னேன். இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள், மேசையில் ஒரு பலகை வந்ததும் எல்லாவற்றையும் கையேட்டில் தேடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

இரண்டாவது முறை அவள் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னாள். தோட்டத்தில் இருந்தார், தனியாக. மூன்றாவது முறை, நோய் வந்த தூரைத் தோண்டிக்கொண்டிருந்தார். அம்மா டீக்குக் கூப்பிட்டார், இன்னும் ஒரே ஒரு தூர் என்றார். அடுத்தவரிடம், பக்கத்துத் தோட்டக்காரி அந்த வழியாகப் போனதைச் சொன்னாள். அப்பா மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஓய்வெடுக்கிறார் என்று நினைத்து வணக்கம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வரும்போதுதான் தெரிந்தது. எங்கள் பெண்கள் ஒவ்வொரு வரிக்கும் 'ம்' போட்டார்கள். ஆறாவது ஆளாகக் கேட்ட பெரியம்மாவிடம், அப்பாவின் சட்டைப் பையில் எங்கள் கல்லூரி விளம்பரப் புத்தகம் இருந்ததைச் சொன்னாள். மடித்து மடித்துத் தேய்ந்து போயிருந்ததாம். சந்தையில், கோயிலில், எங்கே போனாலும் எடுத்துக் காட்டுவாராம். மலை சாய்ந்திருக்கும் படத்தையும், சிரித்துக்கொண்டே படிக்கும் படத்தையும் காட்டி, இங்கேதான் என் மகள் இருக்கிறாள் என்பாராம். நான் எல்லாரிடமும் காட்டிச் சிரித்த புத்தகம். ஒருத்தர் அதை எல்லாரிடமும் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறார்.

எட்டாவது ஆளிடம் அவள் என்னைப் பார்க்காமல், தானாகவே தமிழில் தொடங்கினாள். "காலைல அப்பா தோட்டத்துக்குப் போனாக. ஒரு தூரு தோண்டுனாக. அம்மா கூப்புட்டாக." வார்த்தை தட்டுப்பட்ட இடத்தில் கையால் காட்டினாள். யாருக்கும் என் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

பதினோரு பேரும் கேட்டு முடித்தார்கள். மதினி என் முழங்கையை இடித்தார். "நீ கேக்கலயே."

உண்மைதான். எல்லாருக்காகவும் கேட்டிருந்தேன், எனக்காகக் கேட்கவில்லை. அவள் முன்னால் போய் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். "என்னம்மா ஆச்சு?" என்றேன்.

என்னிடம் அவள் அப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில், மெதுவாக, வேறொன்று சொன்னாள். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஊரே வந்துவிடும், மேடம். வாசலில் தீ மூட்டி, நாள் கணக்கில் அங்கேயே படுத்துக்கொள்வார்கள். இங்கே மூன்று நாளாகக் கதவைத் திறந்து திறந்து பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டுதான் இருந்தது. வெளியூர்க்காரி வீட்டுச் சாவுக்கு இவர்கள் வரமாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். யாரும் வராத இடத்தில் எனக்கு என்ன வேலை?

அவள் தனிமையை மதிக்கிறேன் என்று நான் யாரையும் அண்டவிடாமல் பூட்டிக் காவல் காத்த மூன்று நாள் அது. அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். அன்று கேதம் கேட்க வந்தவர்களில் அதிகம் அழுதவள் நான்தான் என்று மதினி இன்னமும் ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

பிறகு மதினி தூக்குவாளியைத் திறந்தார். துக்க வீட்டில் அடுப்பு எரியாது, சொந்தக்காரர்கள்தான் ஆக்கிக்கொண்டு வர வேண்டும். வாளிக்குள் இலையில் பொதிந்து அவித்து மசித்த வாழைக்காய். உப்பில்லாமல், உறைப்பில்லாமல். அவள் சாப்பிடச் சாப்பிட, வாசலில் நின்றிருந்த வார்டனுக்கும் ஒரு உருண்டை போனது. அவள் கைகழுவி வந்ததும் எல்லாரும் எழுந்து, போய்வருகிறோம் என்று சொல்லாமல் வேன் ஏறினார்கள். துக்க வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது.

வெள்ளிக்கிழமை முதல்வர் வந்தார். நான் இழுப்பறையைத் திறக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தாளை நான் அமுக்கிவைத்தது அன்றுதான். பதினொரு மணிக்கு அவள் வந்து அந்தப் படிவத்தைத் திரும்பக் கேட்டாள்.

"ஆபீஸ் பேப்பர்னா வெளையாட்டா? நெனச்சா குடுக்குறது, நெனச்சா வாங்குறது," என்று திட்டிக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சோதனைக்கூடத்துக்குப் போனாள். நான்கு நாள் கவனிக்காததில் ஒரு வரிசைக் குப்பியில் பூஞ்சை படர்ந்திருந்ததாம். கழுவிவிட்டுத் திரும்பத் தொடங்கினாள்.

வருடக் கடைசியில் எல்லா உதவி மையங்களிடமும் அறிக்கை கேட்டார்கள். மாணவர் ஆதரவுக்கு நீங்கள் எடுத்த சிறப்பு நடவடிக்கை என்ன? 'துக்கம் விசாரித்தது' என்று எழுதினேன். முதல்வர் அதை அடித்துவிட்டு 'சமூக ஈடுபாடு' என்று மாற்றினார். நான் அவர் அடித்ததை அடித்துவிட்டுத் திரும்பவும் எழுதி அனுப்பிவிட்டேன். அதைப் படித்தார்களா என்று தெரியாது. கையேடு இன்னும் மாறவில்லை.

போன ஆவணியில் இன்னொரு பெண் வந்தாள், ருவாண்டாவிலிருந்து. மதுரைக்கு என்னோடு உகாண்டாக்காரி இவளும் வந்தாள். அட்டையை இவள்தான் பிடித்துக்கொண்டு நின்றாள். புதுப் பெண் மிரண்டு மிரண்டு பார்த்துக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் அவளுக்கு இவள் எந்தக் கடையில் காரம் குறைவு, மார்க்கையன்கோட்டையில் யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

கல்லூரிக்கு வந்ததும் அதே படிவங்கள். உள்ளூர்ப் பாதுகாவலர் கட்டம் வந்தது. வழக்கம்போல என் பெயரை எழுதப் பேனாவை எடுத்தேன். இவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இந்தக் கட்டத்துல என் பேர எழுதிக்கிறேன் மேடம்."

"விதி தெரியும்ல? உள்ளூர்க்காரகதான் எழுதணும். நீ உகாண்டா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மதினி பார்ப்பாரே, அதே பார்வை.

"எங்கப்பாவுக்கு இங்கனதான மேடம் கேதம் கேட்டாக," என்றாள்.

பேனாவை அவளிடம் கொடுத்துவிட்டேன்.